தடத்தை விற்றவர்

கேட்டைத் திறக்கும் முன் திம்மராயன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். "லேசு தொங்குது, கட்டிக்குங்க. மேல வந்து பல்லு ஒடஞ்சா எங்கிட்ட வேற பல்லு இல்ல." பெங்களூருவிலிருந்து வந்த சாஃப்ட்வேர்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குனிவார்கள். அவர் சிரிக்க மாட்டார். கன்னடக்காரர்களுக்கு இதையே கன்னடத்தில் சொல்வார், அப்போதும் சிரிக்க மாட்டார்.

பேரிகை தாண்டி, தார்ச்சாலை முடிந்து, ஜீப்பில் குடல் குலுங்கப் போனால் இந்த லாட்ஜ் வரும். செல்போன் ஒரு வளைவில் கர்நாடகத்துக்கு நம்மை வரவேற்கும், அடுத்த வளைவில் ஆந்திரத்துக்கு. லாட்ஜுக்குள் எந்த மாநிலமும் கிடைக்காது. பகலெல்லாம் மலையேறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கோழி சுட்டுத் தின்று, குளிரில் சுருண்டு படுக்க சனி ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதும். ஓசூரில் வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு, காசு கொடுத்துக் களைத்துப்போக வந்தவர்களில் நானும் ஒருவன்.

திம்மராயனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். லாட்ஜ் கொடுத்த பச்சை டீ-சர்ட், அதற்குச் சற்றும் ஒட்டாத வேட்டி, இடுப்பில் கேட் சாவி. மேனேஜர் ராஜசேகர் அவரைவிட இருபது வயது சின்னவர், 'திம்மு' என்றுதான் கூப்பிடுவார். பாதி மலையில் ஒரு சுனை வரும். அங்கே திம்மராயன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவார், அதற்கு மேல் வெறுங்கால்தான். ஏன் என்று கேட்டால், "கால் கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்பார். அது சும்மா. உச்சியில் நாமம் தீட்டிய பாறை ஒன்று இருக்கிறது. அதுதான் அவர்கள் வீட்டுப் பெருமாள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை குடும்பமே மேலேறி, அந்தப் பாறையடியில் மாவிளக்கு ஏற்றும்.

ஏறும்போது அவர் முணுமுணுவென்று யாரையோ திட்டிக்கொண்டே வருவார். யாரை என்று கேட்டேன். "இந்தப் புத்திசாலியத்தான்" என்று தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார்.

மலையடிவாரத்து மானாவாரிக் கொல்லை அவருக்கும் அண்ணன் சென்னகிருஷ்ணனுக்கும் பொது. லாட்ஜ்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தபோது அண்ணன் முடியாது என்றிருக்கிறார். விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர். "மலையவா கேக்குறாங்க, கல்லு மொளைக்கிற கொல்லையத்தானே கேக்குறாங்கன்னு நாந்தான் பேசுனேன். மலை கவுருமெண்டு சொத்து, அது எங்கண்ணா போவும்னேன்."

மலை எங்கும் போகவில்லை. மலைக்குப் போகிற ஒரே தடம் அந்தக் கொல்லைக்குள் இருந்தது. "எங்கூர்ல ஒருத்தங் கொல்லையில இன்னொருத்தன் நடப்பான், மாடு நடக்கும், பொணம் போவும். நடக்கறதுக்கு எவனாச்சும் பத்திரம் எழுதுவானாங்க?" ஊர் வழக்கம் அப்படி. வாங்கியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. வேலி வந்தது. தடத்தின் வாயில் கேட் வந்தது. கேட்டுக்குக் காவலாகவும் மலைக்கு வழிகாட்டியாகவும் இவரே வேலைக்கு வந்தார். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார்.

போன வருடம் வரை விடிவதற்குள் சொந்தக்காரர்களை மேலே விட்டுவிடுவாராம். "கோவிந்தா" சத்தத்தில் தூக்கம் கெட்டுவிட்டது என்று யாரோ ஒரு விருந்தாளி புகார் சொல்ல, அதுவும் நின்றது. இனிமேல் சனிக்கிழமையில் வெளியாள் யாரையாவது விட்டால் வேலை இல்லை என்று ராஜசேகர் சொல்லிவிட்டார். வெளியாள்!

நான் போயிருந்தது அந்த மூன்றாம் சனிக்கிழமை. காலையில் நாங்கள் கேட் அருகே கூடியபோது அண்ணன் மனைவி சரோஜம்மாள் மாவிளக்குத் தாம்பாளத்துடன் வந்து நின்றார். பின்னால் வேறு எங்கோ பார்த்தபடி சென்னகிருஷ்ணன், இன்னும் நாலைந்து பேர்.

"தம்பி, கேட்டத் தெற. வெயிலுக்கு முன்ன ஏறணும்."

திம்மராயன் ராஜசேகரைப் பார்த்தார். ராஜசேகர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழம வாங்க அண்ணி. அன்னிக்கு ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"பெருமாளுக்குச் சனிக்கெழமடா. செவ்வாக்கெழம யாருக்கு, உங்க முதலாளிக்கா?"

திம்மராயன் இடுப்புச் சாவியை எடுத்தார். எங்களை மட்டும் உள்ளே விட்டார். லேசு கட்டச் சொல்லவில்லை. கடைசி ஆள் நுழைந்ததும் அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டைப் பூட்டினார். எனக்குக் கூசியது. கூசிக்கொண்டே நானும் மலையேறினேன், எங்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

உச்சியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது கீழிருந்து "கோவிந்தா" என்று சத்தம் வந்தது. யார் அது என்று ஒரு பெண் கேட்டாள். "யாரோ ஊர்க்காரங்கம்மா" என்றார் திம்மராயன். பிறகு எழுந்துபோய், பாறையடியில் எங்களில் யாரோ போட்டிருந்த ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினார்.

நாங்கள் இறங்கி வந்தபோது கேட்டுக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி, மண்தரையிலேயே மாவிளக்கு எரிந்து முடிந்திருந்தது. சரோஜம்மாள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு உருண்டை வைத்தார். "எங்க சாமி பிரசாதம், சாப்புடுங்க." வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. ராஜசேகருக்கும் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார்.

கேட்டைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வந்த திம்மராயன், இடக்கை மேல் வலக்கையை வைத்து நீட்டினார். தாம்பாளத்தில் இன்னும் மாவு இருந்தது. சரோஜம்மாள் அதன்மேல் துணியை இழுத்து மூடினார். "நடங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மாந்தோப்புத் திருப்பத்தில் அவர்கள் மறையும் வரை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு திம்மராயன் அந்த வெறுங்கையை இரண்டு கண்களிலும் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார்.