ரிமோட் இல்லாத சிவப்புக் கார்

மாத்தளை முத்துமாரியம்மன் சன்னிதியில் நிற்க வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் பேய் பிசாசு பார்க்கிறவன் இல்லை. ரேடியோ, டிவி திருத்துகிறவன். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

2007ஆம் ஆண்டு. என் மனைவி கமலாட்சி வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் இரண்டாவது வருஷம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்த வாடகை வீடு ஒற்றை ஆளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, ரத்தோட்டைப் பாதையிலிருந்து இறங்கும், சரளைக்கல் போட்ட ஒரு கிறவல் ரோட்டின் முடிவில், நுஹ்மான் ஹாஜியாருடைய பழைய கொக்கோ ஸ்டோரில் ஓர் அறையை எடுத்துக்கொண்டேன். நீளமான கட்டடம். முன்பக்கம் ஹாஜியாரின் வெற்றுச் சாக்குகள். நடுவில் வெறும் தரை. கடைசியில் என் அறை. பின்கதவைத் திறந்தால் ஒரு சீமெந்துத் தளம், அதற்கப்பால் மிளகுக் கொடிகள். கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் கமலாட்சி குவைத்திலிருந்து போனில் பேசுவாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன கறி?”

“பருப்பு.”

“பொய் சொல்றீங்க. பாணும் சம்பலும்தானே?”

சிரிப்பாள். அதற்குள் போன் அட்டையில் காசு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் நான் வாயைத் திறப்பதே அபூர்வம். ரேடியோவை ஓடவிட்டுத்தான் படுப்பேன். ஏதாவது ஒரு மனிதக் குரல் வேண்டும்.

அந்த வருஷம் வைகாசி மழைக்கு முன்னால் சந்திரகாந்தா டீச்சர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா இறந்த பிறகு டவுனில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். கனடாவில் இருக்கும் சித்தி மகள் கூப்பிட்டதால் வீட்டை விற்றுவிட்டுப் போகப் போகிறார் என்று எனக்குத் தெரியும். திரீவீலரில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

உள்ளே இரண்டு ரிமோட் கார்கள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அல்ல. எண்பதுகளில் ஜப்பானில் செய்தவை. துண்டு துண்டாக வாங்கி, கையாலேயே பூட்டி ஓட்டுகிற வகை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

“அண்ணனோடது. கப்பல்ல இருந்த மாமா அனுப்பினது. மேல் அறையில அப்படியே கிடந்திச்சு. போறதுக்கு முன்ன ஒரு தடவை ஓடுறதப் பாக்கணும், பொன்னையா.”

பெட்டியைத் துழாவினேன். “ரிமோட் எங்க டீச்சர்?”

“அது அண்ணன்கிட்ட இருக்கு.”

“அண்ணன் எங்க இருக்காரு? கேட்டு அனுப்பச் சொல்லலாமே?”

டீச்சர் ரோட்டைப் பார்த்தார். “வேற ஒண்ணு வாங்கிப் போட முடியாதா?” என்றார்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கொழும்பில் எனக்குச் சாமான் அனுப்புகிறவரிடம் ஒரு பழைய ரிமோட் தேடித்தரச் சொன்னேன். அதைக்கூடப் போனில் பெயர் சொல்லாமல், சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். யுத்தம் நடந்த காலம் அது. ஒரு தமிழன் அறையில் வயர், பேட்டரி, ரிமோட் எல்லாம் ஒன்றாகக் கிடந்தால், அது விளையாட்டுக் காருக்கு என்று சொல்லி யாரை நம்பவைப்பது? ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வேலை செய்தேன்.

இரண்டு கார்களும் நாசமாகிக் கிடந்தன. பேட்டரி பொங்கி, முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. பற்சக்கரங்களில் பூசிய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது. டயர்கள் வெடித்து, விரலில் ஒட்டின. உள்ளே கரப்பான் முட்டைகள். நீலக் காரில் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதன் நல்ல பாகங்களைக் கழற்றிச் சிவப்புக்குப் போட்டேன். மண்ணெண்ணெயில் ஒவ்வொரு பல்லாகக் கழுவினேன். சார்ஜ் பண்ணுகிற சின்ன பேட்டரிகளை ஒன்றோடொன்று பற்றவைத்துப் புதுக் கட்டு செய்தேன். மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்ததும் வண்டு போல இரைந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பிற்பகல். கடைகள் எல்லாம் பூட்டு. ரோட்டில் நாய்கூட இல்லை. காரை ஒரு மரக்கட்டையின் மேல் ஏற்றி, நான்கு டயரும் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தேன். கொழும்பிலிருந்து ரிமோட் இன்னும் வரவில்லை; சும்மா பேட்டரியை மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

டிக்...

முன் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின.

டிக்... வலப்பக்கம். பிறகு நேராக வந்து நின்றன.

எனக்குப் பயம் வரவில்லை. ரிமோட் இல்லாத ரிசீவர் காற்றில் இருக்கும் எந்த அலையையாவது பிடித்துத் துடிக்கும். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். ஆனால் துடிப்பு என்றால் நடுங்கும். இது நடுங்கவில்லை. இடது முழுக்க. வலது முழுக்க. நேர். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அதே மாதிரி.

காரைத் தரையில் விடுவதற்கு முன்னால், ஓட்டத் தெரிந்த ஒருவன் இப்படித்தான் சரிபார்ப்பான்.

மறுநாளும் சுவிட்சைப் போட்டேன். அதே இடது, வலது, நேர். அதற்கடுத்த நாளும். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துப்போயிற்று. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதன் எதிரில் உட்காருவேன். “என்னப்பா, ரெடியா?” என்பேன். டிக், டிக் என்று பதில் வரும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கமலாட்சி, “குரல் நல்லா இருக்கே, யார் வந்திருக்காங்க?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் இல்ல” என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. மழை விட்டிருந்தது. மாலை ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று. ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்தேன், கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று. கார் மேசையில் இருந்தது. என்ன தோன்றியதோ... எடுத்துத் தரையில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

இடது. வலது. நேர்.

பிறகு மோட்டார் இரைந்தது.

கார் நகர்ந்தது. மெதுவாக, ஒரு முழம். நின்றது. பின்னுக்கு வந்தது. திரும்பவும் முன்னுக்கு... இந்தத் தடவை நிற்கவில்லை. ஸ்டோரின் நீளமான தரையில் ஓடி, சாக்குகளுக்குப் பக்கத்தில் வளைந்து, எட்டு போட்டுத் திரும்பியது. ஒரு தூணில்கூட இடிக்கவில்லை.

என் கால் பெருவிரலுக்கு முன்னால் வந்து நின்றது.

யாரோ ஓட்டுகிறார்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம் அதுதான். ஆமிக்காரனோ, யாரோ, இதே அலைவரிசை ரிமோட்டோடு வெளியே நிற்கிறான். என்னைப் பிடிக்கத்தான் நிற்கிறான். இந்தப் பழைய செட்டுகளைத் தூரத்தில் நின்று ஓட்ட முடியாது. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முன்கதவுக்கு ஓடினேன். உள்பக்கம் நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஈரமான கிறவல் ரோடு. ஒரு காலடித் தடம் இல்லை.

“யார் அது?”

எனக்குப் பின்னால் மோட்டார் இரைந்தது.

திரும்பினேன். கார் பின்கதவைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

சீமெந்துத் தளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு கார் ஓடியது. தளத்தின் கடைசி மூலை வரை போனது. ஓர் அடி தாண்டினால் மண். தாண்டவில்லை. அந்த மூலையிலேயே ஒரு வட்டம் போட்டது.

இன்னொரு வட்டம்.

இன்னொன்று...

அதே இடத்தில். அதே அளவில். ஈரத்தில் டயர் தடம் ஒற்றை வளையமாகத் தெரிந்தது.

நான் போனேன். கார் நின்றது. குனிந்து அதன் வயிற்றைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினேன். கையில் சூடாக இருந்தது.

இரைச்சல் அடங்கியது.

தவளைகூடக் கத்தவில்லை.

அப்புறம்...

டிக்.

முன் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின.

பேட்டரி என் கையில் இருந்தது.

டிக். வலப்பக்கம்.

நேர்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. எப்படிப் பூட்டைத் திறந்தேன் என்றும் தெரியாது. அன்றைக்கு ஹாஜியார் வீட்டு முன்விறாந்தையில் படுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

விடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கார் அதே மூலையில் நின்றது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் பாதிச் சாமான் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

“ஓடிச்சா?” என்று கேட்டார்.

“ஓடிச்சு டீச்சர்.”

“ரிமோட் கிடைச்சிதா?”

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. டீச்சர் கதிரையில் உட்கார்ந்தார்.

“அண்ணன் பேரு ரத்தினவேலு. எம்பத்தொம்பதாம் வருஷம். இந்த வீட்டு வாசல்லதான் ஓட்டிக்கிட்டு நின்னிச்சு. நம்பர் இல்லாத ஜீப் ஒண்ணு வந்திச்சு. கையில என்னன்னு கேட்டாங்க. விளையாட்டுச் சாமான்னு சொல்லிச்சு. நம்பல. ரிமோட்டோட அப்படியே தூக்கி ஏத்திட்டாங்க.”

நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணன் ரிமோட் விசையை விடல, பொன்னையா. ஜீப்பு போகுது... இந்தக் கார் அது பின்னாலயே ஓடுது. நானும் அம்மாவும் கத்திக்கிட்டு அது பின்னால ஓடுறோம். அந்தத் திருப்பம் வரைக்கும் ஓடிச்சு. ஜீப்பு மறைஞ்சதும் நின்னிருச்சு. அங்கதான் நான் இதத் தூக்கினேன்.”

“எங்க கொண்டு போனாங்க?”

“அம்மா போகாத எடம் இல்ல. எல்லாரும், ‘எங்ககிட்ட இல்ல’ன்னுதான் சொன்னாங்க.”

நான் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? எதற்கும் காரணம் தெரியாமல் ஒரு பொம்பிளையை எப்படி மறுபடியும் அழவைப்பது? காரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றைக்கே அறையைக் காலி செய்தேன். சாவியைக் கொடுக்க ஹாஜியார் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் பொன்னையா, கூரை ஒழுகுதா?”

“இல்ல ஹாஜியார். பின்னால சரியில்ல.”

ஹாஜியார் சாவியை வாங்கவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“எம்பத்தொம்பதுல ஸ்டோர அவங்க எடுத்துக்கிட்டாங்க” என்றார். “யாருன்னு கேக்க வேணாம். வந்து சாவியக் கேட்டாங்க, குடுத்தேன். பக்கத்துல இருந்த ரெண்டு குடும்பத்தையும் வீட்ட விட்டு எழுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல அந்த ரோட்டுல யாரும் போகல்ல.”

“பொறகு?”

“பொறகு ஒரு நாள் சாவியக் கொண்டுவந்து தந்தாங்க. போய்ப் பாத்தா கட்டடம் அப்படியே இருந்திச்சி. ஒரு ஓடும் ஒடையல்ல.”

ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை.

“எங்க வாப்பா காலத்துல இருந்து அங்க கொக்கோ காயப்போட்டது மண்ணுல, பாய் விரிச்சி. அந்தச் சீமெந்துத் தளத்த நாங்க போடல்ல, பொன்னையா.”

நான் அங்கிருந்து வேறு எங்கும் போகவில்லை. திரும்பி டீச்சர் வீட்டுக்குத்தான் நடந்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. எந்த மூலை என்று மட்டும் கேட்டார்.

சந்திரகாந்தா டீச்சர் கனடாவுக்குப் போகவில்லை. கட்டிய சாமான்களை அவிழ்த்து வைத்துவிட்டு, இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.