மீன் தொட்டியருகே ஒரு முக்காலி

சம்பந்தம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவையின் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆவணி முகூர்த்தக் கூட்டம். போனில் அண்ணனின் மருமகள். "மாமா போய்ட்டாரும்மா" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை, இதே கரையில் உடல் மட்டும் வேறு நிறத்தில் இருக்குமா என்று கேட்டார். இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அவர்கள் எதையும் எடுக்காமல் எழுந்து போனார்கள். விரித்ததையெல்லாம் மடித்து அடுக்கிய பிறகுதான் என்னால் அழ முடிந்தது. நம் பிழைப்பு அப்படி. அவரோடு நம் கடையில் வேலை பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய கடையில் நாமும் மெத்தையில் உட்கார்ந்துதான் புடவை காட்டினோம். இடித்துக் கட்டியபோது மெத்தை போய்க் கண்ணாடி கவுண்டர் வந்தது. வாடிக்கையாளருக்கு நாற்காலி, நமக்கு நிற்கத் தரை. நின்று பேசுவதுதான் மரியாதை என்றார் முதலாளி. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்போது கால் என்னுடையதா என்று சந்தேகம் வரும். அந்தச் சமயத்தில்தான் யாரோ வாஸ்து சொல்லி, மாடிப்படிக்குப் பக்கத்தில் மீன் தொட்டியும் வந்தது. தலையில் கொண்டை வைத்ததுபோல் சதை வளர்ந்த குண்டுத் தங்கமீன்கள். பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. வேட்டிப் பிரிவில் இருந்த சம்பந்தம் அண்ணன் தினமும் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார். அதனாலேயே அது அவர் தலையில் விழுந்தது.

ஃபில்டர் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தங்கமீன் நிறையத் தின்று நிறைய அழுக்குப் பண்ணும், சின்ன ஃபில்டர் தாங்காது என்று கடைக்காரர் பெரியதாக ஒன்றைக் கொடுத்தார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் அது மணிக்குப் பல தடவை சுற்றி வடித்துவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. மாட்டினோம். தண்ணீர் பளிங்குபோல் ஆனது உண்மைதான். ஆனால் மீன்கள் குழாயடியில் மாட்டிய பழந்துணிபோல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. குண்டு உடம்பு, சின்னத் துடுப்பு, அந்த வேகத்தை எதிர்த்து நீந்த அவற்றால் முடியவில்லை.

சின்னதாக மாற்றிவிடலாமே என்றேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. வடிப்பதற்குப் பெரியதுதான் வேண்டும், வேகத்தை நாம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். தண்ணீர் வெளிவரும் குழாயைப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினார். தண்ணீர் கண்ணாடியில் மோதி, உடைந்து, பரவி வந்தது. ஒரு சிட்டிகைத் தீனியைப் போட்டு அது எப்படிப் போகிறது என்று பார்த்தார். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சரி, விசிறி அடித்தால் தப்பு. கடைசியாக ஒரு மூலையில் தட்டைக் கல்லை நிறுத்தி, அதன் மறைவில் ஓட்டம் இல்லாதபடி செய்தார்.

"பெட்டில எழுதியிருக்கிறது மோட்டாருக்கும்மா. மீனுக்கு என்னா வேணும்னு மீனத்தான் பாக்கணும்" என்றார். பிறகு அந்தக் கல்லைக் காட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி ஓடிக்கினே இருக்கணும், அது சரி. ஆனா ஓய்ஞ்சி நிக்கணும்னு தோணினா அதுக்கு ஒரு மூல வேணும்பா. இல்லன்னா நீந்தி நீந்தியே செத்துடும்."

இவ்வளவு தெரிந்த மனிதர் செய்த கூத்தும் உங்களுக்கு நினைவிருக்கும். ஃபில்டருக்குள் வைக்கும் பஞ்சு தீர்ந்துபோனது. தம்பி வீட்டுத் தறியில் விழுந்த கழிவுப் பட்டு நூலைப் பந்தாகச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். காசு கொடுத்துப் பஞ்சு வாங்குவானேன் என்று பெருமை வேறு. சாயம் போடாத பச்சை நூல், வேக வைத்துப் பசை எடுக்காதது. மறுநாள் தொட்டி அரிசி களைந்த தண்ணீர்போல் இருந்தது. மேலே நுரை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று போயே போய்விட்டது. கடையே சிரித்தது. "பட்டுல பசை இருக்குதுன்னு எங்க வீட்ல தவழ்ற கொழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியல பாரு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

தண்ணீரை மாற்றி முடித்ததும் முதலாளியிடம் போனார். தொட்டி நிலைகுலைந்து கிடக்கிறது, மீன் நீரோட்டத்தைத் தாங்குகிறதா என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நின்று பார்த்தால் தெரியாது என்றார். செத்த மீனைப் பார்த்திருந்த முதலாளி சரி என்றார். மறுநாள் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு மர முக்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது.

"சாந்திமா, நீ போய் மீனப் பாரு."

எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன்.

"ஒண்ணும் தெரிய வேணாம். உக்காந்துக்கினு பாரு, போதும்."

அன்றிலிருந்து நாம் எல்லோரும் முறை வைத்து மீன் பார்த்தோம். இன்னும் தண்ணீர் சரியாகவில்லையா என்று முதலாளி எப்போதாவது கேட்பார். "இன்னும் பாக்கணும் முதலாளி" என்பார் அண்ணன். வருஷக்கணக்கில் இதையே சொன்னார். அவர் மட்டும் அதில் உட்கார்ந்ததில்லை. ஆம்பளைகளுக்குத்தான் டீக்கடை பெஞ்சு இருக்குதே என்பார்.

காரியம் முடிந்து கடைக்குப் போனேன். தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்யாணப்பெண் பொம்மை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். முக்காலி அதற்குள் கிடங்குக்குப் போயிருந்தது. நான் சண்டை போடுகிறவள் இல்லை. உண்மையைச் சொன்னால், சண்டை போடத் தெம்பு இல்லை. அண்ணன் செய்வதுபோல் கொஞ்சம் தண்ணீரை வாளியில் எடுத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் வாழும் நல்ல கிருமி செத்துவிடும் என்பது அண்ணன் சொன்னதுதான். புதுத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கிடங்குக்குப் போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கடையில் ஆட்கள் இருக்கும்போதே உட்கார்ந்தேன். இந்த வயதில் வேலை போனால் வேறு எங்கே போவது?

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"தண்ணி மாத்தியிருக்குது முதலாளி. உக்காந்து பாக்கணும்" என்றேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார். கல்லுக்குப் பின்னால் ஒரு மீன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. என் காலையும் பார்த்தார்.

"சம்பந்தமும் இதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொம்மையை வாசல் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிய ஒரு குழாய், ஒரு கல், ஒரு முக்காலி. நேற்று, கடை துடைக்கப் புதிதாக வந்திருக்கும் கோமதி படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். போய் மீனைப் பார் என்றேன். எனக்கு அதெல்லாம் தெரியாதேக்கா என்றார். தெரிய வேண்டாம், உட்கார் என்றேன். என் முறை சாயங்காலம்தான் வரும். அதுவரை நிற்க வேண்டும்.