ஆறாயிரம் குறைவு

நான் படித்தது மூணாங்கிளாஸ். தள்ளுவண்டியில் சோப்பு விற்றவன், இன்று செங்கம் ரோட்டில் மூன்று பில்லிங் மெஷின் ஓடுகிற கடைக்கு முதலாளி. அந்தக் கடையில் ஒன்பது வருஷம் பில் போட்டவள் வேதா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

மெஷினைக் காலையில் அவரவர் பெயரில் திறந்து, கல்லாவில் வைக்கிற சில்லறையைப் பதிய வேண்டும். அன்றைய பில்லெல்லாம் அந்தப் பெயரில் ஏறும். நடுவில் பணம் எடுத்தாலும் பதிந்துதான் எடுக்க வேண்டும். கடை மூடும்போது நோட்டை எண்ணி அடித்தால், கூடவா குறைவா என்று அதுவே சொல்லும். வேதாவுக்கு ஒரு நாளும் குறைவு வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு.

போன சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை. வேதா சாப்பிடப் போன நேரம், அவள் பெயரிலேயே நான் பில் போட்டேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அன்றைக்கென்று போட்டிருந்த என் தண்ணீர் பாட்டில் கடையிலிருந்து பையன்கள் வந்து சில்லறை கேட்டார்கள். அந்தக் கல்லாவிலிருந்து ஆறாயிரம் எடுத்துக் கொடுத்தேன். என் பணத்தை நான் எடுக்கப் பதிவு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று விட்டேன். கூட்டத்தில் மறந்தும் போனேன்.

மூடும்போது மெஷின் ஆறாயிரம் குறைவு என்றது. வேதா மூன்று தடவை எண்ணினாள். எல்லார் முன்னாலும் கேட்டேன்: "மெஷினு பொய் சொல்லுமாம்மா?"

மறுநாள் அவள் வரவில்லை. புருஷன் மணிவேல்தான் வந்தான். கம்மலை அடகு வைத்த பணத்தை மேசையில் வைத்து, "எண்ணிக்குங்க பாய்" என்றான். எண்ணினேன்.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர்க் கடைக் கணக்கில் ஆறாயிரம் ஜாஸ்தியாக நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பத்தாயிரம் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய், தப்பு என்னுடையது என்றேன். அதற்கு முன் யாரிடமும் அப்படிச் சொன்னவன் இல்லை. அவள் ஆறாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். வேலைக்கு வரச் சொன்னேன்.

"மெஷின்ல என் பேருக்கு நேரா குறைவுன்னு நிக்குதே பாய். அத எடுத்துட்டுக் கூப்பிடுங்க, வரேன்."

இவ்வளவுதானா என்று மெஷின் கம்பெனி ஆளை வரவழைத்தேன். மூடிய நாளைத் திறக்க முடியாது, இன்றைய தேதியில் ஆறாயிரம் வரவு வைக்கலாம், பழையது அப்படியேதான் இருக்கும் என்றான். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். "காசுக்கு ஆவற வேல இல்லீங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

போனில் வேதாவிடம் சொன்னேன். "சரிங்க பாய்" என்று வைத்துவிட்டாள்.

இப்போது ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை பெருக்குகிறாள். அங்கே கல்லாவில் உட்காரச் சொன்னார்களாம். மாட்டேன் என்றாளாம்.