வத்தலக்குண்டிலிருந்து வந்தவள்

மலையூர்ப் பள்ளியில் பிரின்ஸி டீச்சரின் ஏழாம் வகுப்பில் அமைதியைத் தேடினால் கிடைக்காது. எந்தப் பாடமானாலும் பிள்ளைகள் இருவர் இருவராகத்தான் படிக்க வேண்டும். ஒருவர் விளக்குகிறவர், மற்றவர் ஒன்றுமே தெரியாத வெளியூர்க்காரராக நடிப்பவர். வெளியூர்க்காரருக்குப் புரியும்வரை விளக்குகிறவர் உட்காரக் கூடாது. சந்தைக்கடை என்று பக்கத்து வகுப்பில் முணுமுணுப்பார்கள். டீச்சர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று மட்டும் போட்டுக்கொண்டார். டீச்சருடையது பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த தற்காலிக வேலை. அன்று ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்த வருடத்தோடு சரி. கணவரின் ஜீப்போ சுற்றுலா சீசனில் மட்டும்தான் ஓடும். தலைமையாசிரியர் மரியசூசை காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னைக்கு ஒருநாள் அந்த ஜோடி நாடகம் வேணாம்மா. நல்லா ஒப்பிக்கிற ஆக்னல் பயல எந்திரிச்சு ஒப்பிக்கச் சொல்லுங்க, போதும்."

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேகம் உருவாகும் விதத்தை ஆக்னல் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. டீச்சருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. ஆக்னலின் ஜோடி சுசித்ரா பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள்.

"எனக்குப் புரியலைங்க. நான் மலைக்குக் கீழ வத்தலக்குண்டுலருந்து வந்திருக்கேன். மேகம் வானத்துலல்ல இருக்கும்? இங்க சன்னல் வரைக்கும் வெள்ளையா வந்து நிக்குதே, இது என்னங்க?"

வாசலில் நின்ற மரியசூசையின் முகம் இறுகியது. டீச்சர் ஒரு முறை முறைத்தால் போதும், சுசித்ரா உட்கார்ந்துவிடுவாள்.  ஆனால் வருடம் முழுக்க "கேளு, கேளு" என்று சொல்லிவிட்டு, கேட்கிற பிள்ளையின் வாயை எப்படி அடைப்பது? ஆக்னல் பக்கம் திரும்பினார்.

ஆக்னல் பாடத்தைப் புரட்டினான். புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார். 

சட்டென்று ஆக்னல் சன்னலுக்குப் போய், குளிர்ந்த கண்ணாடியில் ஊதினான். வெள்ளையாகப் படர்ந்தது.

"என் மூச்சுல இருந்த ஈரம், குளிர்ல பட்டதும் துளியாயிருச்சு. உங்க ஊர்க் காத்தும் இப்படித்தாங்க. ஈரத்தோட மலையேறி வருது. மேல வர வரக் குளிருதுல்ல? அதான் துளித்துளியா ஆயிருது. இதுவும் மேகந்தாங்க. நாமதான் அதுக்குள்ள இருக்கோம்."

"இப்பப் புரிஞ்சிருச்சுங்க" என்று சுசித்ரா உட்கார்ந்தாள்.

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மதியம் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே மூடி வைத்தார்.

பள்ளி விடும் நேரத்தில் மரியசூசை வந்தார். "ஆபீசர் அடுத்த வருசமும் உங்க வகுப்புக்கே வருவாராம். அப்ப அந்தப் பொண்ணு எந்த ஊர்க்காரியா எந்திரிக்கும்னு உங்ககிட்ட கேட்டு வைக்கச் சொன்னாரும்மா."

 டீச்சர் டப்பாவைத் திறந்து, சில்லிட்டுப் போன சோற்றை அங்கேயே அள்ளி அள்ளித் தின்றார்.