கிட்னி செல்லில் எரியாத பிளேட்

புதிதாகச் சேர்ந்த தேவிகாவின் வேலை போகப்போகிறது என்ற செய்தி, எங்கள் ஒரகடம் லேபில் எனக்குத்தான் முதலில் வந்தது. மேனேஜர், நான் செல் வளர்க்கும் கல்ச்சர் ரூம் வாசலில் நின்று சொன்னார்.

"கலா, அந்தப் பொண்ணை ப்ரொபேஷனோட அனுப்பிடலாம்னு இருக்கேன். மூணு வாட்டி செஞ்சும் பிளேட் எரியல."

கஸ்டமர் அனுப்பிய என்ஹான்சரைத்தான் சொன்னார். ஒரு ஜீன் எந்தச் செல்லில், எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டு அது. அதை மின்மினிப் பூச்சியின் ஜீனோடு இணைத்து, பிளேட்டில் வளரும் செல்லுக்குள் விடுவோம். துண்டு வேலை செய்தால் பிளேட் எரியும், அதாவது வெளிச்சம் வரும்; அதை மெஷின் அளக்கும். எது வந்தாலும் முதலில் கிட்னி செல்லில் போடுவது எங்கள் லேப் வழக்கம். கிடுகிடுவென்று வளரும், டிஎன்ஏவையும் சுலபமாக வாங்கிக்கொள்ளும்.

தேவிகா தென்காசிப் பெண். வேலை போனால் வீட்டில் ஊருக்கு அழைத்துக்கொள்வார்கள், மறுபடி அனுப்பமாட்டார்கள். விஷயம் தெரிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது லிவர்ல வேல பாக்குற துண்டுல்லா? ஒரு தடவ லிவர் செல்லுல போட்டுப் பாத்துருவோம்க்கா."

"இன்னா, வெளையாடுறியா? அது கொத்துக் கொத்தா ஒட்டிக்கினு வளரவே அழும். என் உயிரை வாங்காத!"

அவள் கண் கலங்கியதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முனகிக்கொண்டே வளர்த்துக் கொடுத்தேன்.

லிவர் பிளேட்டுக்கு மெஷினில் எண் எகிறியது. நான் கைதட்டியேவிட்டேன்.

"சூப்பர். இதை மட்டும் அனுப்பு, கிட்னி பிளேட்டை விட்டுடு" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், ரெண்டையும் அனுப்பணும்" என்றாள் தேவிகா. "எந்தச் செல்லுலயும் எரியுற கன்ட்ரோல் துண்டு ரெண்டுலயும் எரிஞ்சிருக்கு, அதனால டிஎன்ஏ உள்ள போயிருக்கு. இந்தத் துண்டுல வந்து ஒக்காருத புரோட்டீனுங்க லிவர்ல இருக்கு, கிட்னில இல்ல. அதான் அங்க எரியல."

இரண்டும் போயின. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்ட போனில் கஸ்டமர் முதலில் கேட்டதே கிட்னி பிளேட்டைத்தான். "லிவரத் தவிர மத்த எடத்துல எரியக்கூடாது சார், அதான் எங்களுக்கு முக்கியம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை, மேனேஜரிடம் கேட்டேன். "அப்போ அந்தப் பொண்ணு மூணு வாட்டியும் சரியாத்தானே சார் செஞ்சிருக்கு?"

சாயங்காலம் மேனேஜர் அவளை அழைத்து வேலை நிரந்தரம் என்றார்.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: பிளேட் எரியவில்லையென்றால், ஆளை மாற்றும் முன் செல்லை மாற்றிப் பாருங்கள்.