மூன்று மில்லி

மகள் தனியாக ஒரு மணி நேரம் மேடையில் வாசிக்கப்போகிறாள் என்றதும் எனக்கு வந்த முதல் யோசனை, நடுவில் அவளுக்குத் தண்ணீர் யார் கொடுப்பார்கள் என்பது. அடுத்தது, கூட்டம் வருமா என்பது. பாடுகிறவர் இல்லை, வயலின் இல்லை. அவள் ஒருத்தி, சுற்றிலும் தட்டுவதற்கான சாமான்கள். தோல் வாத்தியங்கள், மரக்கட்டைகள், பூந்தொட்டிகள், ஒரு லாரி பிரேக் டிரம். வாசிக்கப்போவதெல்லாம் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் எழுதிய இசை.

"ராகமெல்லாம் இருக்குமா கண்ணு?" என்று கேட்டேன்.

"சத்தம் இருக்குமுங்கப்பா" என்றாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூலூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. நானும், இருபது வருடமாக என்னோடு இருக்கும் ஒரு ஃபிட்டரும்தான். மகள் அவரை மாமா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார்.

கடைசி உருப்படிக்கு ஆறு இரும்புக் குழாய்கள் வேண்டும். எந்தக் குழாய் என்று எழுதியவர் சொல்லவில்லையாம், வாசிப்பவரே தேடிக்கொள்ள வேண்டுமாம். மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் பட்டறைக்கு வந்தாள். பழைய இரும்புக் குவியலில் கிடந்ததையெல்லாம் நூலில் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்டாள். அவள் காட்டிய இடத்தில் ஃபிட்டர் அறுத்துக் கொடுத்தார். மூன்று ஜோடி தேறின. ஒரு ஜோடியைச் சேர்த்துத் தட்டினால் சத்தம் நேராகப் போகாது. தண்ணீர்மேல் பட்ட வெயில் மாதிரி அசைந்து அசைந்து அடங்கும். எனக்கும் அது பிடித்திருந்தது. எதனால் அப்படி என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

நிகழ்ச்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஃபிட்டர் ஒரு கல்யாணத்துக்காகக் கிணத்துக்கடவு போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். குழாய்களைச் சுற்றி வைத்திருந்த சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். அறுத்த முனையெல்லாம் பிசிறு. கையைக் கிழித்துவிட்டால்? மேடையில் ரத்தம் வந்தால் யார் ஓடுவது? எங்கள் பட்டறையிலிருந்து பிசிறோடு ஒரு சாமான் வெளியே போனதில்லை. அதோடு, ஜோடி என்கிறாளே, இரண்டும் ஒரே நீளம்கூட இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட மூன்று மில்லி வித்தியாசம். முடி அளவு தவறினாலே பெட்டியோடு திருப்பி அனுப்பும் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவன் நான். என் மகள் நாலு பேர் முன்னால் கோணலும் மாணலுமாக எதையோ தொங்கவிட்டு நிற்பதா?

ஒவ்வொன்றாக லேத்தில் மாட்டினேன். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு குழாயும் அச்சு அசல் ஒரே நீளம். எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழையபடி சாக்கில் சுற்றி வைத்தேன். பார்த்ததும் மகள் என்ன சொல்வாள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவள் அதைப் பிரித்தது அரங்கில்தான், பீளமேட்டில். ஆரம்பிக்க ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. முதல் ஜோடியைத் தட்டினாள். சத்தம் நேராகப் போய் நின்றது. அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. குழாயின் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற, அரங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம், "ரெண்டும் கொஞ்சமாச்சும் வேற வேறயா இருக்கோணுங்க. அப்பத்தான் அசையும். இந்த உருப்படியே அதுதானுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை யாராச்சும் தொட்டாங்களாப்பா?"

அந்த அம்மாள் இருந்தார். மைக் வைக்கிற இரண்டு பேர் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஒன்றும் தெரியாத அப்பன் என்று அவர்கள் முன்னால் ஆக எனக்கு மனம் வரவில்லை.

"ஃபிட்டரு துடைச்சிருப்பாரு கண்ணு" என்றேன்.

உடனே அவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் நூலை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, குழாயெல்லாம் ஒரே அளவா இருக்குது. நீங்கதான் பண்ணுனீங்கன்னு அப்பா சொல்றாரு."



"ஆமாங்க அம்மணி" என்றார். "பிசிறா இருந்துதுங்க. தெரியாம செஞ்சுபோட்டனுங்க."

"ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா மாமா? நீங்கதானே அறுத்துக் குடுத்தீங்க. மூணு மாசங்க. எனக்கு இனி என்ன இருக்குது?"

"தப்புதானுங்க அம்மணி."

அவள் இதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் பெரிதாக உயர்த்தவில்லை. ஆனால் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்தாள்.

அப்போதும் நேரம் இருந்தது. இதைத்தான் என்னால் கடக்க முடியவில்லை. அரங்குக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இரண்டு லேத் பட்டறைகள். வரும்போதே பார்த்தேன், ஒன்றில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஜோடிக்கு ஒரு குழாயில் மூன்று மில்லி எடுத்தால் போதும். ஆனால் மூன்று என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு குழாயில் டேப் சுற்றிப் பார்த்தாள், சத்தம் செத்துப்போனது. உரித்துப் போட்டாள். "இருக்கறதை வாசிக்கறேன்" என்றாள்.

கூட்டம் வந்தது. என் கவலைகளில் அது ஒன்றுதான் பொய்த்தது. பூந்தொட்டிகளை விரல் நுனியால் அவள் தட்டியபோது யாரும் இருமக்கூட இல்லை. ஒரு உருப்படியில் தன் நெஞ்சையும் தொடையையுமே தட்டினாள், மழை பிடிப்பதுபோல இருந்தது. எதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் குழாய்களுக்கு வந்தாள். தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டிய இசை அது. அசைவு அடங்கும்வரை காத்திருப்பது. இப்போது அசைவு இல்லை, காத்திருப்பு மட்டும் இருந்தது. கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, வராத ஒன்றுக்காக ஒவ்வொரு முறையும் அவள் நின்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "கோயில் மணியாட்ட இருந்துதுங்க" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், ஃபிட்டர். மனைவியோடு வந்திருந்தார். கைதட்டாமல் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மேடைக்கு வந்து, "அம்மணி, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார்.

"அவரு செய்யலை கண்ணு" என்றேன். "நேத்து அவரு ஊர்லயே இல்ல. நாந்தான்."

"உடுங்கண்ணா, ஆரு செஞ்சா என்னுங்க" என்றார் அவர் அவசரமாக.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கப்பா?"

"ஜோடிக்கு ஒண்ணுல மூணு மில்லி எடுத்திருப்பேன். பின்னாடி சந்துலயே லேத்து இருக்குது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருவது நிமிசம்."

தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல. பிறகு அவர் பக்கம் திரும்பி, "அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க மாமா" என்றாள். குரல் உடைந்தது அப்போதுதான். அவர், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டே பிரேக் டிரம்மைத் தூக்கப் போனார்.

அவள் குழாய்களைச் சாக்கில் அடுக்கினாள். நான் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"இருக்கட்டுங்கப்பா" என்றாள். மரியாதையில் ஒன்றும் குறையவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.