ஓட்டையைத் தூக்கு

போன செவ்வாய்க்கிழமை ஒரகடத்திலிருந்து வந்ததும் வராததுமாக என் மனைவி செல்வி, "எல்லாம் போச்சுங்க" என்றாள். என்ன போச்சு? வண்டியா, வேலையா?

வரி எண் போச்சாம் — புரோகிராமில் எத்தனையாவது வரி என்கிற எண்.

செல்வியின் கம்பெனி, ரோபோ கைக்கு ஆபரேட்டர்களே தமிழில் கட்டளை எழுதுவதற்கு ஒரு மொழி தயாரிக்கிறது. எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். எட்டு மாத உழைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேட்டர்கள் ஓகே சொல்லாவிட்டால் பிராஜெக்டையே மூடிவிடுவார்கள்.

கம்பைலருக்குள் இரண்டு கட்டம். முதலில் பார்சர் — செல்வி எழுதியது. வாக்கியத்தைப் பிரித்து, அமைப்பு சரியா என்று மட்டும் பார்க்கும். 'ஓட்டையைத் தூக்கு' என்றாலும் தாராளமாக விட்டுவிடும். அடுத்த கட்டம் அர்த்தம் பார்ப்பது — சக ஊழியர் ஜோசப் எழுதியது. ஓட்டையை எப்படித் தூக்குவது என்று அதுதான் கேட்கும்.

இதுவரை எனக்குப் புரிந்தது. அப்புறம்தான்...

பிள்ளைப்பாக்கத்தில் ரூம் எடுத்திருக்கும் தென்காசிக்கார ஆபரேட்டர் இசக்கி, நானூறு வரி எழுதியிருக்கிறார். 'அர்த்தப் பிழை' என்று மட்டும் வந்ததாம்.

"தப்பு இருக்குன்னு சொல்லுது. எங்கன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கு. நா எங்கன போயித் தேடக்கா?" என்று எழுந்து போய்விட்டாராம்.

"ஜோசப் வரி எண்ணைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் குடுத்தாதானே சொல்லுவாரு? வாக்கியத்தைப் பிரிச்சப்புறம் அது எதுக்குன்னு நான்தான் தூக்கிப் போட்டேன். அவருக்கு இன்னா வேணும்னு கேக்கவே இல்ல."

"புரியல" என்றேன். அவள் ஓர் உதாரணம் சொன்னாள்.

"கேட்ல செக்யூரிட்டி பெட்டியைப் பிரிச்சு, சாமானை மட்டும் உள்ள அனுப்பினா? குவாலிட்டிக்காரர் ஒரு மோசமான பீஸைப் புடிச்சாலும் எந்தப் பெட்டின்னு எப்படிச் சொல்லுவாரு?"

"அப்போ பெட்டியோடவே அனுப்பிடேன்."

"அவ்ளோ அட்டையை வச்சிகினு அவரு இன்னா பண்ணுவாரு? ஒவ்வொரு பீஸ்லயும் பெட்டி நம்பர் எழுதி ஒரு சீட்டு ஒட்டினா போதும்."

பெட்டியா, சீட்டா, பார்சரா... எனக்குத் தலை சுற்றியது. அவளோ இரண்டு நாள் ஜோசப்போடு உட்கார்ந்து சீட்டு ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை இசக்கியின் திரையில் வந்தது: '212-ஆம் வரி: ஓட்டையைத் தூக்க முடியாது.' அவர் சிரித்துவிட்டு, 'போல்ட்டைத் தூக்கு' என்று மாற்றினாராம். "இப்பம் சரிக்கா."

போனில் இதைச் சொல்லும்போது செல்வி அழுதுவிட்டாள். "சபாஷ்" என்றேன். இருந்தாலும் பாதிதான் புரிந்தது என்று உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"எந்த இடத்துல புரியல?" என்றாள்.

அது தெரிந்தால் சொல்ல மாட்டேனா? என் குழப்பத்துக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லையே.